பாண்டு வாத்தியம் படும் பாடு!

சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வித்வான் கல்யாணியைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'டங்' என்று ஒரு சப்தம். தம்புராத் தந்தி அறுந்துவிட்டது! குடிமுழுகிப் போய்விடுகிறதா? இல்லை. பாடகர் சபையைப் பார்த்து ஒரு புன்னகை புரிகிறார். வெள்ளிக் கூஜாவிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர் குடிக்கிறார். உங்களுக்குப் பக்கத்து நாற்காலி மாமி, "காண்டீனில் இன்று அசோகா அல்வாவாமே?" என்று விசாரிக்கிறாள். தந்தியை மாற்றிச் சுருதி சேர்த்ததும், விட்ட இடத்திலிருந்து கல்யாணி தொடர்கிறது.

நாகஸ்வர வித்வானையும் பார்த்திருப்பீர்கள். அவருடைய வாத்தியத்தின் தலையிலிருந்து ஒரு சின்னக் கொத்து தொங்கும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவும் மாற்றுச் சீவாளிகள்! அவற்றைச் சீர்படுத்தத் தந்த ஊசியும் அதிலேயே இருக்கும். வாயிலிருக்கும் சீவாளி மக்கர் செய்தால், ஒத்துக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, தவில்காரர் நாலு அடி கூடப் போடும்போதே, இவர் சாவதானமாக வேறொன்றைச் செருகிக்கொண்டு விடுவார்.

இந்தச் சௌகரியம் எதுவும் இல்லாத ஒரு சங்கீத கோஷ்டி உண்டு. அதுதான் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கிற பாண்டு.

லண்டனில் மன்னரின் காவற்படை நடக்கும் வேகம் நிமிஷத்துக்கு 116 தடவை கால் எடுத்து வைப்பது. ஒவ்வொரு தடவையும் முன்னேறுவது 30 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்; ஒரு நிமிஷத்தில் 290 அடி தூரம்! வாத்தியம் கெட்டுப்போனதென்று யாராவது அரை நிமிஷம் நின்றால், அவருடைய வரிசை 145 அடி தள்ளிப் போயிருக்கும். அதற்குள் பின்வரிசைக்காரர் அவர் முதுகில் ஏறியிருப்பார் என்பது வேறு விஷயம்.

ஆகவே, நடக்கும் பாண்டில் முதலில் சொல்லித் தருகிற பாடம் இதுதான்: கீழே விழுந்தது உன்னுடையதல்ல. டிரம்முக்காரர் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தால், குனிந்து எடுக்கக் கூடாது. டிரம்மின் பக்கவாட்டிலேயே ஒரு பை கட்டியிருக்கும்; அதில் மாற்றுக் குச்சி இருக்கும். அதை உருவிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான். விழுந்த குச்சியை ஊர்வலம் முடிந்த பிறகு போய்த் தேடிக்கொள்ளலாம்; பின்னால் வந்த நூறு ஜோடி பூட்ஸுகளுக்குத் தப்பியிருந்தால்!

பெரிய டிரம் அடிக்கிறவர் பாடு இன்னும் பரிதாபம். எதிரில் ஒரு அண்டாவைக் கட்டிக்கொண்டு நடப்பது போலத்தான். இந்த டிரம்முக்காரர்கள் புலித்தோலோ சிறுத்தைத் தோலோ மாட்டிக்கொண்டு வருவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மிடுக்குக்காக என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் டிரம் உராய்ந்து உராய்ந்து சட்டை நைந்து போகாமலிருக்கக் கட்டிக்கொண்ட முன்றானைதான் அது. நாம் சமையலறையில் இடுப்பில் துண்டைச் செருகிக்கொள்கிறோமே, அதே யோசனை!

வாய் திறவாத வாத்தியம்

குச்சிக்கு மாற்றுக் குச்சி உண்டு. மற்ற வாத்தியங்களுக்கு? கிளாரினெட்டுக்கும் நம் நாகஸ்வரத்தைப் போல ஒரு நாணல் பட்டைதான் உயிர். அதன் நுனி காகிதம் போல மெலிந்திருக்கும். சட்டைக் காலரில் இடித்தால் போதும், விண்டு போகும். அப்புறம் அந்தக் கிளாரினெட் பாடாது, கிறீச்சிடும். டிரம்பெட்டில் விரலால் அமுக்குகிற வால்வு மூன்று இருக்கின்றன. எண்ணெய் வற்றிவிட்டாலோ, ஒரு சின்ன மோதலில் குழாய் நசுங்கினாலோ, அமுக்கின வால்வு அமுங்கினபடியே நின்றுவிடும். குழாய்க்குள்ளே மூச்சின் ஈரம் வேறு தண்ணீராகச் சேர்ந்து, 'களகள' என்று கொப்பளிக்கிற சப்தம் கிளம்பும். ஸ்வரம் எழுதிய சின்ன அட்டையை வாத்தியத்தின் மேலேயே ஒரு கவ்வியில் மாட்டியிருப்பார்கள். காற்றடித்தால் அதற்கும் இறக்கை முளைத்துவிடும்.

இப்படி ஏதாவது நேர்ந்துவிட்டால் வாத்தியக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒன்றும் நடக்காதது போல வாத்தியத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு, விரல்களை அசைத்துக்கொண்டு, கால் தவறாமல் நடக்கிறார். சப்தம் மட்டும் வராது! ஸ்காட்லாந்துப் பைப் வாத்தியக்காரர்களும் இப்படித்தான். நாணல் ஈரத்தில் அடைத்துக்கொண்டால், பையை அக்குளில் இடுக்கியபடி விரல்களை மட்டும் ஓட்டிக்கொண்டு வரிசையோடு போய்விடுவார்கள்.

"இது ஏமாற்று வித்தையல்லவா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. பல்வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டால் எதிரில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிறது. ஒரு பல் வலித்தால் பல்லுக்குரியவருக்குத்தான் தெரியும். எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் ஊமையாகிவிட்டால் மற்ற ஏழு பேரும் பாட்டைக் காப்பாற்றி விடுவார்கள். ஆனால் அவர் வரிசையை விட்டு விலகிவிட்டால் அந்த ஓட்டையை யாராலும் மறைக்க முடியாது.

மறைக்கவே முடியாத விபத்து ஒன்றே ஒன்றுதான். முன்னால் போகிற டிரம் மேஜர் கோலை ஆகாயத்தில் வீசிப் பிடிக்கிறாரே, அது தவறி விழுந்தால்! அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலைப் பாண்டின் டிரம் மேஜர், பந்தாட்ட மைதானத்தின் கோல் கம்பத்துக்கு மேலே கோலை வீசி, அந்தப் புறம் போய்ப் பிடிக்கிறார். சுற்றிலும் ஒரு லட்சம் ஜனங்கள்! நினைத்தாலே நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

இந்த வாத்தியங்களுக்குள் ரொம்பவும் பொல்லாதது டிராம்போன். இதற்கு வால்வு கிடையாது. குழாய்க்குள் குழாயாக நீளுகிற ஒரு சறுக்குக் குழாய். அதை இழுத்தும் தள்ளியும்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டும். முழுக்க நீட்டினால் முன்னால் போகிறவருடைய பிடரியைப் பதம் பார்த்துவிடும். இதனால்தான் பிரிட்டிஷ் ராணுவ பாண்டுகளில் டிராம்போன்காரர்களை முன்வரிசையில் போட்டிருக்கிறார்கள். கௌரவத்துக்காக முன்னால் நிற்கிறார்கள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொண்டால், அதனால் யாருக்கு நஷ்டம்?

நாலு விநாடியில் வந்த வினை

ஆனால் வரிசை என்பதையே லட்சியம் செய்யாத ஒரு பாண்டும் உண்டு. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் பாண்டு அது. இவர்கள் அணிவகுத்து நடப்பதில்லை. ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் திமுதிமுவென்று ஓடுவார்கள்! இவர்களுடைய டிராம்போன் ஒன்று உலகப் புகழ் அடைந்த கதையைக் கேளுங்கள்.

1982-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி. பெர்க்லி நகரில் ஸ்டான்போர்டுக்கும் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கும் அமெரிக்கப் பந்தாட்டம். பெயர்தான் 'புட்பால்', முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்கு ஓட வேண்டும். ஓடுகிறவனை மற்றக் கட்சிக்காரர்கள் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். தள்ளிவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. விழுவதற்குள் பந்தைப் பின்னாலோ பக்கத்திலோ வருகிற தன் ஆளிடம் வீசிவிட்டால் ஓட்டம் தொடரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசலாம்.

ஆட்டம் முடிய நாலே விநாடி. ஸ்டான்போர்டு 20, கலிபோர்னியா 19. ஸ்டான்போர்டு பந்தை உதைத்து அனுப்பியது. கலிபோர்னியாவின் கெவின் மோயன் அதைப் பிடித்து, மாட்டிக்கொள்ளும் சமயத்தில் இன்னொருவனிடம் வீசினான். அவன் வேறொருவனிடம் வீசினான். கடிகாரம் நின்றுவிட்டது. ஆனால் பந்து வைத்திருப்பவன் விழாத வரையில் ஆட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை!

மைதானத்தின் கோடியில் வாத்தியங்களோடு காத்திருந்த ஸ்டான்போர்டு பாண்டுக்குப் பொறுமை இல்லை. நடுவில் ஒருவன் விழுந்தது போலத் தெரிந்தது. "ஜயித்தாகிவிட்டது!" என்று நினைத்து 144 பேரும் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தை நோக்கித்தான் பந்து வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தடவையாகக் கைமாறிய பந்து, ஆரம்பித்து வைத்த மோயனிடமே திரும்ப வந்தது. அவன் டிரம்பெட்டையும் டிரம்மையும் விலக்கிக்கொண்டு ஓடினான். வாத்தியக்காரர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் டிராம்போனோடு நின்றுகொண்டிருந்த காரி டிரெல் என்ற மாணவருக்கு மட்டும் விஷயமே தெரியாது. கோட்டைத் தாண்டிய மோயன் போன வேகத்தில் அவர் மேல் மோதினான். மாணவரும் விழுந்தார், டிராம்போனும் விழுந்தது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கலிபோர்னியா ஜயித்ததாகத் தீர்ப்பு: 25க்கு 20! ஸ்டான்போர்டின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜான் எல்வேக்குக் கல்லூரி வாழ்க்கையில் அதுவே கடைசி ஆட்டம். பிற்காலத்தில் அவர் தொழில் ஆட்டத்தில் பெரிய புகழ் பெற்றார் என்றாலும், அன்றைய தினம் அவர் முகத்தில் ஈயாடியிருக்குமா என்ன?

வரிசை என்றால் என்ன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். பாண்டின் அபஸ்வரத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இராததுதான் அமெரிக்கா முழுவதும் சிரிக்கும்படி ஆயிற்று. நல்லவேளையாக டிராம்போன்காரருக்குப் பெரிய காயம் ஏதும் படவில்லை. இடித்தவரும் இடிபட்டவரும் பின்னாளில் பல விழாக்களில் சேர்ந்தே காட்சி கொடுத்தார்கள். நசுங்கிய டிராம்போன் கல்லூரிப் பந்தாட்டத்தின் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கீதத்துக்காக எத்தனையோ டிராம்போன்கள் உழைக்கின்றன. காட்சிசாலைக்குப் போனது வாசிக்காத டிராம்போன்!

மழையும் பனியும்

மனிதர்கள் செய்கிற வினை இப்படி என்றால், வானம் செய்கிற வினை வேறு. 'சூஸாபோன்' என்று ஒரு ராட்சத வாத்தியம் இருக்கிறது. மலைப்பாம்பு மாதிரி வாசிக்கிறவர் உடம்பைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே பெரிய அண்டா வாயைத் திறந்துகொண்டிருக்கும். 1880 முதல் 1892 வரையில் அமெரிக்க மரீன் படையின் பாண்டுக்குத் தலைவராக இருந்த ஜான் பிலிப் சூஸாவின் விருப்பப்படி உருவானது. 1893-ல் பிலடெல்பியாவில் முதன்முதலில் செய்தபோது அதன் வாய் ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தது. மழை வந்தால் என்ன ஆகும்? வாத்தியக்காரர்கள் அதற்கு 'மழை பிடிக்கிற பாத்திரம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்! பிற்பாடுதான் வாயை முன்பக்கம் திருப்பினார்கள்.

தோல் வாத்தியத்துக்கும் மழைக்கும் உள்ள ஜன்மப் பகை நமக்குத் தெரியாததா? நம் ஊர்ப் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுகிறார்களே, ஏன்? ஈரம் பட்டால் தோல் தொய்ந்து, 'டங்காரம்' போய் 'தொப் தொப்' என்றாகிவிடும். மேல்நாட்டு டிரம்களுக்கும் கன்றுக்குட்டித் தோல்தான் கட்டி வந்தார்கள். ஊர்வலத்தின் நடுவில் ஒரு தூறல் போட்டால் அவ்வளவுதான். 1956, 57-ல் அமெரிக்காவில் இவான்ஸ், ரீமோ பெல்லி ஆகியோர் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் மூடிய டிரம்களைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் டிரம்முக்காரர்கள் மேகத்தைப் பார்த்து நடுங்குவதை நிறுத்தினார்கள்.

டில்லியில் 2023 ஜனவரி 29-ந் தேதி, குடியரசு தின விழாக்களின் முடிவாக விஜய் சௌக்கில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' நிகழ்ச்சியில் மழை பிடித்துக்கொண்டது. ஆகாயத்தில் ஆயிரக்கணக்கில் பறந்து கோலம் போடுவதற்காக வைத்திருந்த டிரோன்களை மழைக்குப் பயந்து பறக்கவிடவில்லை. ஆனால் முப்படை பாண்டுகள் மழையிலேயே நடந்து வாசித்தார்கள். இந்தக் காலத்து யந்திரம் வீட்டிலேயே தங்கிவிட, பழைய காலத்துப் பித்தளை வெளியே வந்து நனைந்தது!

மழையைவிடக் கொடிது குளிர். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலி மெதுவாகச் செல்லும், சுருதி இறங்கும். 30 டிகிரி வெயிலிலிருந்து பூஜ்யம் டிகிரிக்கு அந்தக் காற்றுப் போய்விட்டால், நம் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் கிட்டத்தட்ட ஒரு ஸ்தானமே இறங்கிவிடும். வாத்தியக்காரர் சும்மாவாவது உள்ளே ஊதிச் சூடாக வைத்துக்கொள்கிறாரோ, பிழைத்தார். வால்வுக்குள் மூச்சின் ஈரம் உறைந்து கட்டிக்கொள்ளும். உலோகத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கடுங்குளிர்ப் பிரதேசங்களில் வாய் வைக்கும் பாகத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் மாற்றிக்கொள்கிறார்கள்.

1985 ஜனவரி 21-ந் தேதி ரீகன் இரண்டாம் தடவை ஜனாதிபதியானபோது வாஷிங்டனில் நடுப்பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி. ஊர்வலத்தை ரத்து செய்துவிட்டார்கள். தேசத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்திருந்த பள்ளிக்கூட பாண்டுப் பிள்ளைகளின் முகங்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை மாதப் பயிற்சி! புது உடுப்பு தைக்க எத்தனை தாய்மார்கள் பாடுபட்டிருப்பார்கள்! அன்று ரீகன் தம்பதிகள் ஓர் உள்ளரங்கத்துக்குச் சென்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்கள். 2025-லும் குளிர் காரணமாகப் பதவியேற்பு ஊர்வலத்தைக் கூரைக்கடியில்தான் நடத்த வேண்டியதாயிற்று.

விழுந்தவர் எழுந்தார்

குளிருக்கு நேர் எதிரான கதை லண்டனில் நடந்தது. மன்னரின் பிறந்த நாளையொட்டி வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் கொடி அணிவகுப்பு ஒன்று நடக்கிறது. அதற்கு முந்திய சனிக்கிழமையில் ஒத்திகை. 2023 ஜூன் 10-ந் தேதி ஒத்திகையை இளவரசர் வில்லியம் குதிரை மீதிருந்து பார்வையிட்டார். லண்டனில் அன்று 30 டிகிரி.

"பூ! 30 டிகிரியா? நமக்கு மார்கழி மத்தியானம் ஆயிற்றே!" என்று சிரிக்காதீர்கள். அவர்களுடைய உடுப்பைப் பாருங்கள். கழுத்து வரையில் பித்தான் போட்ட கனத்த கம்பளிச் சட்டை. தலையில் கரடி ரோமத் தொப்பி. நம் சித்திரை வெயிலில் பவானி ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் ஒருவேளை தெரியும். அசையாமல் நிற்கிறவனுக்குக் கால் தசைகள் வேலை செய்வதில்லை. ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடுகிறது. இதனால்தான் பூட்ஸுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கும்படி சொல்லிக் கொடுக்கிறார்கள். வாத்தியக்காரனுக்கோ, நெஞ்சை அழுத்தி ஊதுகிற சிரமம் வேறு.

அன்றைக்குச் சிப்பாய்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். அவர்களோடு ஒரு டிராம்போன்காரரும் விழுந்தார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. சிவப்புச் சட்டையும் கரடித் தொப்பியுமாக ஒரு மனிதர் தரையில் கிடக்கிறார். பக்கத்தில் மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்கிறார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். விழுந்தவரைத் தூக்குவதற்கென்றே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நிற்கிறவர்களின் வேலை நிற்பது. வாசிக்கிறவர்களின் வேலை வாசிப்பது.

ஆனால் வைத்தியர்கள் வந்து தூக்குவதற்குள் அந்த டிராம்போன்காரர் தாமாகவே எழுந்துவிட்டார். எழுந்தவர் தண்ணீர் கேட்கவில்லை, நிழலைத் தேடவில்லை. டிராம்போனை உயர்த்தி வாயில் வைத்துக்கொண்டு வாசிக்கப் பார்த்தார். கால் தள்ளாடியது. வைத்திய உதவிக்காரர்கள் ஓடி வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

இளவரசர் அன்றே, வெயிலில் கஷ்டப்பட்ட அத்தனை வீரர்களுக்கும் பகிரங்கமாக நன்றி தெரிவித்தார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 17-ந் தேதி, மன்னர் சார்லஸ் முன்னிலையில் அதே மைதானத்தில் அதே கம்பளிச் சட்டைகளுடன் அணிவகுப்பு நடந்தது. முன்வரிசையில் டிராம்போன்கள் போயின.